மூளைக்கு எது நல்லது: இசை கேட்பதா, கற்பதா?

கேட்பதை முதலில் பார்த்துவிடலாம், அதில் சொல்ல அதிகம் இல்லை. மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும் என்ற பேச்சு 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்ட 36 பேரும் கல்லூரி மாணவர்கள், குழந்தைகளே இல்லை. 10 நிமிடம் அவருடைய பியானோ இசை ஒன்றைக் கேட்டபின், மடித்து வெட்டிய தாளை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகளில் கொஞ்சம் தேறினார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பலன் கரைந்துவிட்டது. பிடித்த கதையைக் கேட்டாலும் அந்த உற்சாகத்தில் இதே பலன் வருகிறது என்று பின்னர் தெரிந்தது.

கற்பது வேறு விஷயம். 1995இல் வயலின் போன்ற தந்திக் கருவி வாசிப்பவர்களின் மூளையைச் சோதித்தார்கள். தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. சிறுவயதில் தொடங்கியவர்களிடம் இன்னும் அதிகம். வில் பிடிக்கும் வலது கையில் அப்படி எதுவும் இல்லை. எந்த விரல் உழைத்ததோ அதற்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது! பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2009இல் வந்த ஓர் ஆய்வில், தொடக்கத்தில் வித்தியாசமே இல்லாத பிள்ளைகளில் 15 மாதம் கீபோர்டு கற்றவர்களுக்குச் செவி, கை இயக்கம் சார்ந்த பகுதிகள் மாறியிருந்தன.

சரி, பொது அறிவுத்திறன் கூடுமா? 2004இல் 6 வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் கீபோர்டு, வாய்ப்பாட்டு, நாடகம், எதுவும் இல்லை என்று நான்காகப் பிரித்தார்கள். இசை கற்றவர்களின் ஐக்யூ சுமார் 7 புள்ளி கூடியது, மற்றவர்களுக்குச் சுமார் 4. மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேறியது நாடகக் குழு மட்டும்தான். 2020இல் 54 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோதோ, கறாராக நடத்தியவற்றில் இசையின் கூடுதல் பலன் ஏறக்குறைய பூஜ்யம். அதனால் மதிப்பெண்ணுக்காக இசை வகுப்பில் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

காதும் கையும் ஒன்றாக இயங்கப் பழக வேண்டுமானால் வாத்தியம். சுருதியைக் கேட்டுக் குரலை அதோடு சேர்க்கப் பழக வாய்ப்பாட்டு. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களில் சிலர், பேச வராத சொற்களைப் பாடிவிடுகிறார்கள். அதை வைத்தே 1970களில் ஒரு பேச்சுச் சிகிச்சை உருவானது. கூச்சம் போக வேண்டுமென்றால் நாடகத்தில் சேர்க்கலாம்.