ஈக்யூ-5டி படிவம்: பேச உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது

நாள்பட்ட நோய்க்கோ பெரிய அறுவை சிகிச்சைக்கோ போனால் சில இடங்களில் ஈக்யூ-5டி என்ற, உடல்நலம் எப்படி இருக்கிறது என்று நோயாளியிடமே கேட்கும் இந்தத் தாளைக் கையில் கொடுப்பார்கள். யூரோகால் என்ற ஆய்வாளர் குழு 1990-ல் வெளியிட்டது. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி, கவலை, அவ்வளவுதான் கேள்விகள். புதிய பதிப்பில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிரமம் என்று சொல்ல 5 படிகள், அப்புறம் இன்றைய உடல்நலத்துக்கு நாமே மார்க் போட 0 முதல் 100 வரை ஒரு அளவுகோல். சில நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பா கவலைக் கட்டத்தில் டிக் போட்ட பிறகுதான் டாக்டர் அதைப் பற்றிப் பேச்செடுத்தார், அதுவரை ஸ்கேன் மட்டும்தான் பேச்சு. அந்த ஒன்றுக்கே இதற்கு நல்ல மார்க் போடலாம்.

சிக்கல், தாள் நம் கையை விட்டுப் போன பிறகு. இந்தப் பதில்களில் 3125 விதமான நிலைகள் வரும், ஒவ்வொன்றின் மதிப்பையும் முடிவு செய்வது பெரும்பாலும் நோயாளிகள் இல்லை, பொதுமக்கள்: இப்படியே 10 வருடம் வாழ்வீர்களா, இல்லை முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைவாகவா என்று அவர்களைக் கேட்டுக் கணக்குப் போடுகிறார்கள். முழு ஆரோக்கியம் 1, மரணம் 0, சாவைவிட மோசம் என்று மைனஸில் போகும் நிலைகளும் உண்டு (யாருக்கு மோசம்?). ஆல்பிரெக்ட், டெவ்லீகர் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் பெரும்பாலும் அப்படி நினைப்பதில்லை.

இந்த மதிப்பை ஆயுளோடு பெருக்கி, எந்த மருந்துக்குப் பொதுப்பணம் தகும் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு பார்க்கிறது. ஒரே நோய்க்கான இரண்டு மருந்துகளை ஒப்பிட சரி. ஆனால் ஏற்கெனவே ஊனமுள்ளவரைப் பிழைக்க வைத்தால் கிடைக்கும் 'பலன்' மற்றவரைவிடக் குறைவு என்றும் இதே பெருக்கல் சொல்லும், அதை என்னால் ஏற்கவே முடியாது. சிகிச்சை ஒருவரின் வலியைக் குறைத்ததா என்று அளப்பது வேறு, அவர் உயிருக்கு விலை போடுவது வேறு.

பேச முடியாதவருக்காக உறவினர் நிரப்பும் தாளில் இரண்டு வகை உண்டு. ஒன்று நம் கணிப்பைக் கேட்கும், இன்னொன்று அவரால் சொல்ல முடிந்தால் என்ன சொல்வார் என்று கேட்கும். கொடுக்கும்போதே இரண்டாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.