ஹூ, விச், தட்: ஆளா பொருளா என்று பார்க்கும் முன் கமாவைப் பாருங்கள்

கல்லடியில் பின்னேரங்களில் ஓ லெவல் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு ஆளையோ பொருளையோ விளக்கும் துண்டை வசனத்தில் சேர்க்க, ‘ஆள் என்றால் ஹூ, பொருள் என்றால் விச், சந்தேகம் என்றால் தட்’ என்று பாடமாக்கிக்கொண்டுதான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். அது பிழை இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பினால் வசனம் சறுக்கும்.

போன கிழமை ஒரு பிள்ளையின் கொப்பியில் இப்படி இருந்தது: ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் கல்முனை இஸ் எ நர்ஸ்.’ உனக்கு எத்தனை அண்ணா என்று கேட்டேன். “ஒரே ஒரு அண்ணாதான் ரீச்சர்” என்றாள். அப்படியென்றால் இந்த வசனம் பொய் சொல்கிறது, ஏனென்றால் கமா இல்லாமல் எழுதினால் எனக்குப் பல அண்ணாமார், அதில் கல்முனையில் இருக்கிறவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றுதான் வாசிக்கிறவர் எடுப்பார். ‘பிரதர்’ முடிய ஒரு கமா, ‘கல்முனை’ முடிய ஒரு கமா போட்டதும் சரியாகிவிட்டது. தமிழில் ஒரு அண்ணா இருந்தாலும் நாலு பேர் இருந்தாலும் ‘கல்முனையில இருக்கிற அண்ணா’தான், அதனால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தட்டா விச்சா என்ற சண்டையும் இந்தக் கமாவில்தான் தீரும். விபுலானந்த அடிகள் ஒருவர்தான், அவர் எழுதின யாழ் நூலும் ஒன்றுதான். அதனால் ‘சுவாமி விபுலானந்தா, ஹூ வாஸ் போர்ன் இன் காரைதீவு இன் 1892’ என்றும், ‘யாழ் நூல், விச் கேம் அவுட் இன் 1947’ என்றும் கமாவோடு வரும், அந்த இடத்தில் தட்டுக்கு வேலையே இல்லை. கமா இல்லாத இடத்தில், பொருளைச் சொன்னால், இரண்டும் சரி. அமெரிக்கர்கள் தட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார்கள். இங்கிலாந்துக்காரரான ஃபவுலர் 1926இல் தன் இங்கிலிஷ் வழக்கு அகராதியில் அதையே பரிந்துரைத்தும் அவருடைய நாட்டவர்களே பெரிதாகப் பின்பற்றவில்லை. நாம் படிப்பது பிரித்தானிய இங்கிலிஷ், ஆகவே ‘த புக் விச் ஐ பாட்’ என்று எழுதின பிள்ளைக்குச் சிவப்புக் கோடு போடுவது அநியாயம். என்னைக் கேட்டால், கமா இல்லாவிட்டால் தட் எழுதிப் பழகுங்கள், கை குழம்பாது. ‘இன்’, ‘வித்’ மாதிரிச் சொல் முன்னால் வந்தால் மட்டும் தட்டை விட்டுவிட வேண்டும்: ‘இன் விச்’ உண்டு, ‘இன் தட்’ அங்கே நிற்காது.

மறுகா ஹூ, ஹூம். இதற்குத் தமிழே கை கொடுக்கும். ‘எனக்கு உதவின டொக்டர்’, இதில் உதவினது டொக்டர், ஆகவே ஹூ. ‘நான் சந்தித்த டொக்டர்’, இதில் சந்தித்தது நான், ஆகவே ஹூம். பேச்சில் இப்போது அங்கேயும் ஹூதான் ஓடுகிறது, அதைவிடச் சுகமான வழி ஒன்றுமே போடாமல் ‘த டொக்டர் ஐ மெட்’ என்று விடுவது. ஆனால் உதவின டொக்டரிடம் அந்த விளையாட்டு சரிவராது, ஹூவையோ தட்டையோ எடுத்துவிட்டால் வசனம் உடைந்துபோகும்.

எங்கள் பிள்ளைகள் உண்மையில் விழுகிற இடம் வேறு, அதைப் பற்றித்தான் நான் கூடக் கவலைப்படுகிறேன். ‘நான் வீட்டில் இருக்கிறேன்’ என்பது ‘நான் இருக்கிற வீடு’ ஆகும்போது அந்த ‘இல்’ காணாமல் போகிறது. ‘கத்தியால் மீன் வெட்டினேன்’ என்பது ‘மீன் வெட்டின கத்தி’ ஆகும்போது ‘ஆல்’ போய்விடுகிறது. தமிழ் அதைத் தானாக விளங்கிக்கொள்ளும், இங்கிலிஷ் விளங்காது, அதற்கு அந்தத் துண்டு கட்டாயம் வேண்டும். ‘த ஹவுஸ் ஐ லிவ்’ என்று நிறுத்தினால் அரைகுறை, ‘த ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்று முடிக்க வேண்டும். கடிதத்தில் ‘த ஹவுஸ் இன் விச் ஐ லிவ்’ அழகு, சும்மா கதைக்க ‘த ஹவுஸ் வேர் ஐ லிவ்’ போதும். கத்திக்கு அந்த ‘வேர்’ பொருந்தாது, ‘த நைஃப் வித் விச் ஐ கட் த ஃபிஷ்’ என்று எழுத வேண்டும், அல்லது ‘த நைஃப் ஐ கட் த ஃபிஷ் வித்’ என்று கடைசியில் ‘வித்’தைத் தொங்கவிட வேண்டும். வசனம் அப்படி முடிவது பிழை என்று சிலர் இன்னும் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது பிழையே இல்லை.

ஹூஸ் வருவதும் இதே வழியில்தான். 1978 சூறாவளியைப் பற்றிப் பேசினால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘கூரை போன வீடுகள்’ என்பார்கள், ‘வீடுகளின் கூரை’ என்ற அந்த ‘இன்’ தமிழில் மறைந்து நிற்கிறது. இங்கிலிஷில் அதை ‘ஹவுசஸ் ஹூஸ் ரூஃப்ஸ் வேர் ப்ளோன் ஆஃப்’ என்று எழுத வேண்டும். வீடு ஆள் இல்லையே, ஹூஸ் போடலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், ஹூஸ் ஆளுக்கும் பொருளுக்கும் பொது.