கப்பல் பயணத்துக்கு உடை: இஸ்திரி மடிப்பா, சுருட்டலா?

பெரும்பாலான சொகுசுக் கப்பல்களில் பயணிகள் இஸ்திரிப் பெட்டி கொண்டுபோக முடியாது. தீ விபத்து அச்சம்தான் காரணம். ஆகவே சென்னைத் துறைமுகத்தில் ஏறும் முன், வீட்டிலேயே யோசித்துப் பெட்டி கட்ட வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டி ஏறி இறங்கிய சட்டைக்குத் தனி அழகு. காலர் அட்டைபோல நிற்கும். ஆனால் அந்த மடிப்பு பெட்டிக்குள் ஒரு நாள் அழுந்தினால், மார்புக்குக் குறுக்கே கோடு விழுந்துவிடுகிறது. பருத்தி இழை ஈரத்தில் இளகி, உலரும்போது இருந்த நிலையிலேயே இறுகிக்கொள்ளும். கடற்காற்றின் ஈரம் அதற்குப் போதும்.

சுருட்டினால் கூர்மையான கோடு விழாது. லேசான சுருக்கம் மட்டும்தான். அதற்கு அதே ஈரம் மருந்தாகிறது. சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டு, வெந்நீரில் குளிக்கும்போது குளியலறையில் தொங்கவிடுங்கள். பிறகு ஓரத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, காயவிட்டு அணியுங்கள். பருத்திச் சட்டை, குர்தா, டி-ஷர்ட் எல்லாவற்றுக்கும் என் தேர்வு சுருட்டல்தான்.

பட்டுப்புடவையை மட்டும் தயவுசெய்து சுருட்டாதீர்கள், ஜரிகை முறுக்கிக்கொள்ளும். பழைய வேட்டியில் பொதிந்து, தளர்வாக மடித்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கஞ்சி போட்ட வேட்டிக்கும் மடிப்புதான்.