மூட்டு மாற்று: உடனேயா, மூன்று மாதம் கழித்தா?

அம்மாவின் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன்தான் வழி என்பதில் எங்கள் பட்டர்வொர்த் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்போது என்பதில்தான் இழுபறி. உடனே செய்தால் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் வரையாவது நடந்துவிடலாம் என்றார் அண்ணன். இனிப்பு நீரை, அதாவது சர்க்கரையை, குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யலாம் என்றேன் நான். கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது. அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

உடனே செய்வதன் லாபம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வலி சீக்கிரம் தீரும், தொடைச் சதையும் கரையாது.

என்னைத் தடுத்தது கிருமித் தொற்று. நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் வருகிறது. ஆனால் வந்துவிட்டால் மாத்திரையில் போகிற சமாச்சாரம் இல்லை. உலோகத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதன்மேல் பாசிபோல் படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும், மருந்து சரியாக ஏறாது. முதல் சில வாரங்களுக்குள் தெரிந்தால் திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். நாள்பட்டுவிட்டால் பெரும்பாலும் மூட்டையே கழற்றி, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமெண்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, அப்புறம்தான் புது மூட்டு. 68 வயதில் அம்மாவுக்கு மேற்கொண்டு இரண்டு ஆபரேஷன்.

சர்க்கரை கூடினால் தொற்று வாய்ப்பும் கூடும். அம்மாவின் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண், 9.4. பல டாக்டர்கள் 7.5 அல்லது 8-க்குள் வந்தால்தான் கத்தியை எடுக்கிறார்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் அந்த எண் இரண்டு மூன்று மாதக் கணக்கு. முந்தின வாரம் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. காலையில் இனிப்புப் பால் கலந்த தே தாரே போய், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் வந்தது. ரொட்டி சானாய் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மூன்று மாதத்தில் 7.4. அதற்குள் சீழ் பிடித்திருந்த கடைவாய்ப் பல்லையும் பிடுங்கியாயிற்று.

ஸ்டீராய்டு ஊசி போட்டு அதுவரை வலியை ஓட்டலாமே என்று அண்ணன் கேட்டார். போட்டால் அன்றிலிருந்து மூன்று மாதம் ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர், சர்க்கரையும் ஏறுமாம். பேச்சு அதோடு முடிந்தது.

மற்றவை எப்போது செய்தாலும் ஒன்றுதான்: குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுக் குளியல், கத்தி வைப்பதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு அம்மா அண்ணனின் ஷேவிங் பிளேடால் காலை மழிக்க உட்கார்ந்துவிட்டார், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கிருமிக்கு.

எதிர்வீட்டு அத்தை சர்க்கரை 9-க்கு மேல் இருந்தபோதே செய்துகொண்டவர், இன்று பாசாருக்கு நடந்தே போகிறார். ஆகவே காத்திருந்ததால்தான் அம்மா தப்பித்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது ஒரே ஒரு கால், ஆபரேஷனுக்குப் பிறகு பதினோரு மாதம். தொற்று வருஷம் கழித்தும் எட்டிப் பார்க்கும். அந்த மூன்று மாதமும் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினார் என்பதையும் மறைக்கக் கூடாது.

இப்போது இடது காலுக்கு நாள் குறிக்க வேண்டும். போன வாரம் எடுத்ததில் 8.3. தே ஓ மறுபடியும் கோசோங் ஆகிவிட்டது.