டிஸ்க் லைப்ரரி: கதவைத் திறக்காத வரைக்கும் தங்கம்

எங்க டிஸ்க் லைப்ரரில, அதாவது நூத்துக்கணக்கான டிஸ்க்கை உள்ள வச்சுக்கிட்டு கேக்கறப்ப தானே எடுத்துப் படிக்கற மெஷின்ல, பிக்கர் பெல்ட் மாத்தி திரும்ப ஓட ஆரம்பிச்சாச்சு. இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாமான்னு நண்பர் ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கார், அவருக்குத் தனியா மெசேஜ் போடறதுக்கு பதிலா பொதுவாவே எழுதிடறேன், யோசிச்சிட்டு இருக்கற மத்தவங்களுக்கும் ஆகும். புதுசா படிக்கறவங்களுக்கு: மேகசின்னா டிஸ்க்குங்களை அடுக்கி வச்சு மொத்தமா கழட்டற பெட்டி, அதுல ஒவ்வொரு டிஸ்க்கோட இடமும் ஒரு ஸ்லாட், பிக்கர்னா டிஸ்க்கை எடுத்துட்டுப் போற ரோபோ கை, டிரைவ்னா டிஸ்க்கைப் படிக்கற எழுதற பகுதி, மெயில் ஸ்லாட்னா ஒண்ணு ரெண்டு டிஸ்க்கை உள்ள வெளிய அனுப்பற சின்ன வாசல். எங்க கிட்ட இருக்கறது ப்ளூரே போடறது, 50 டிஸ்க் பிடிக்கற மேகசின் 10, டிரைவ் 2. உள்ள இருக்கறது முழுக்க ஸ்கேன் பண்ண பழைய ரெக்கார்டுங்க, ஒரு தடவை எழுதினா அழிக்க முடியாத டிஸ்க்ல.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், ஏன்னா அதுவும் உண்மை தான். டிஸ்க்கைப் பிடிச்சு வைக்கற விதத்துல இந்த மெஷின்ல குறையே சொல்ல முடியாது. ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி மெல்லிசு தட்டுல உக்காந்திருக்கு, தட்டுல ஓரத்துல மட்டும் லேசா உயர்ந்த வளையம், டிஸ்க்கோட வெளி விளிம்பு தான் அதுல படும், எழுதின பரப்பு எதுலயும் உரசாது. சிடில டேட்டா 1.2 மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கு, டிவிடில 0.6, ப்ளூரேல வெறும் 0.1 தான். அதனால தான் ப்ளூரேக்கு மேல கெட்டியான கோட்டிங் குடுக்கறாங்க, ஆனாலும் தினமும் இழுத்து வச்சு இழுத்து வச்சுன்னு இருந்தா எந்தக் கோட்டிங்கும் எத்தனை நாள் தாங்கும்னு ஆரம்பத்துல எனக்கு பயம் இருந்துச்சு. எம்ஓ, யூடிஓன்னு முன்னாடி ஆர்கைவுக்கு வச்சிருந்த பழைய வகை டிஸ்க்குக்கெல்லாம் பிளாஸ்டிக் கூடு இருந்துச்சு, ஷட்டர் டிரைவுக்குள்ள போனாத்தான் திறக்கும். இதுல டிஸ்க் வெறும் உடம்போட தான் போயிட்டு வருது. அடிக்கடி கேக்கற ஃபைல் இருக்கற டிஸ்க் ஒண்ணை வெளிய எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தேன், வட்டமா ஒரு கீறல் வேணும்னு தேடினேன், இல்ல. விளிம்புல மட்டும் தட்டு படற இடத்துல மங்கலா ஒரு கோடு, அவ்வளவு தான். இதுக்காக அந்த டிசைன் பண்ணவங்களை மனசார பாராட்டணும்.

பூட்டு விஷயமும் அப்படித்தான். மேகசினை உள்ள தள்ளினா கடைசில டக்குனு ஒரு சத்தம் கேக்கணும், கேக்கலைன்னா பிக்கர் இருந்த இடத்தை விட்டு அசையாது. ஒரு மேகசினோட டிஸ்க் டிரைவ்ல இருந்தா அந்த மேகசின் லாக் விடவே விடாது. கம்ப்யூட்டரோட டிரைவை இணைக்கற பழைய முறையான எஸ்சிஎஸ்ஐ காலத்துலேருந்தே இதுக்கு ப்ரிவென்ட் அலோ மீடியம் ரிமூவல்னு ஒரு கமாண்ட் இருக்கு, சாஃப்ட்வேர் அதைப் போட்டு வச்சிருந்தா எஜெக்ட் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் வெளிய வராது. 100 ஜிபி டிஸ்க்கை 4எக்ஸ் வேகத்துல எழுதினா நொடிக்கு 18 எம்பி, முழுசா எழுத ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுக்கு மேல வெரிஃபை, அதாவது எழுதினது சரியான்னு திரும்பப் படிச்சுப் பாக்கறது. அந்த நேரத்துல யாராச்சும் அவசரத்துல கதவைத் திறந்து டிஸ்க்கை உருவிட்டா அந்த டிஸ்க் போச்சு, திரும்ப எழுத முடியாது. அந்தக் கவலை இந்த மெஷின்ல ஒரு நாளும் வந்ததில்ல.

இப்ப என்னை வருஷக்கணக்கா படுத்தற விஷயத்துக்கு வரேன். ஒரு மேகசினை வெளிய எடுத்துட்டுத் திரும்ப வச்சா, அந்த ஒரு மேகசின் மட்டும் இல்ல, பத்து மேகசின்லயும் எங்க எது இருக்குன்னு மெஷின் மறந்துடுது. மொத்த இன்வென்டரியும் கேள்விக்குறி. மறுபடி ஒவ்வொரு டிஸ்க்கா எடுத்து, டிரைவ்ல போட்டு, சுத்த விட்டு, வால்யூம் பேரை, அதாவது டிஸ்க்குக்குள்ள எழுதியிருக்கற அதோட பேரைப் படிச்சு, திரும்பக் கொண்டு போய் வைக்கும். ஒரு டிஸ்க்குக்கு ஒரு நிமிஷம்னு போட்டாலும் 500 டிஸ்க், 2 டிரைவ், நாலு மணி நேரத்துக்கு மேல. நடுவுல நிறுத்த முடியாது. ரெண்டு டிரைவும் இதுலயே மாட்டிக்கிட்டு இருக்கும், யாராச்சும் ஒரு பழைய ஃபைல் கேட்டா கியூல போய் நிக்கும். காலைல ஒரு மேகசின் மாத்தினா மத்தியானம் வரைக்கும் ஆர்கைவ் மூடிக் கிடக்குன்னு அர்த்தம். அக்கவுண்ட்ஸ்லேருந்து போன் மேல போன் வரும், நான் ஸ்கிரீன்ல ஸ்லாட் நம்பர் ஒவ்வொண்ணா பச்சையா மாறறதைப் பாத்துட்டு பதில் சொல்லிட்டு இருப்பேன்.

டேப் லைப்ரரி வச்சிருக்கறவங்களுக்கு இந்த அவஸ்தை கிடையாது. எல்டிஓன்னு சொல்ற பேக்கப் டேப்போட கேட்ரிஜ் மேல பார்கோட் ஒட்டியிருக்கும், ரோபோ ஒரு ரவுண்டு போய் படிச்சுட்டு வந்தா சில நிமிஷத்துல கதை முடிஞ்சுது. வெறும் டிஸ்க்ல ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, சுத்தற வேகத்துல பேலன்ஸ் போயிடும், பசையும் நாளாக நாளாக டிஸ்க்கைக் கெடுக்கும். லேபிள் பக்கமே பார்கோடை பிரிண்ட் பண்ணி பிக்கர்ல ஒரு சின்ன கேமரா வச்சிருக்கலாம், எங்க மாடல்ல அது இல்ல. சோனியோட ஆப்டிகல் டிஸ்க் ஆர்கைவ்ல முதல் தலைமுறைல 12 டிஸ்க்கை ஒரே கேட்ரிஜுக்குள்ள வச்சு 1.5 டிபின்னு குடுத்தாங்க, அங்க மெஷின் கையாள்றது கேட்ரிஜைத் தான், வெறும் டிஸ்க்கை இல்ல. எங்களுது மாதிரி வெறும் டிஸ்க் மெஷின்ல டிஸ்க்கோட அடையாளம் டிஸ்க்குக்குள்ள தான் இருக்கு, படிச்சாத்தான் தெரியும். ஸ்லாட்ல டிஸ்க் இருக்கா இல்லையான்னு சென்சார் சொல்லிடும், எந்த டிஸ்க்னு அதால சொல்ல முடியாது. இது வரைக்கும் எனக்குப் புரியுது, இதுல கோவப்பட ஒண்ணும் இல்ல.

கோவம் எங்க வருதுன்னா, ஒவ்வொரு மேகசினுக்கும் தனி சென்சார் இருக்கு. எது வெளிய போச்சு, எது அசையவே இல்லன்னு மெஷினுக்கே தெரியும், ஸ்கிரீன்லயே காட்டுது. லாக் ஆகி உள்ள இருக்கற மேகசின்லேருந்து ஒரு தட்டைக் கூட கையால இழுக்க முடியாது, நானே முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன். அப்புறம் எதுக்கு அசையாத மத்த ஒன்பது மேகசினையும் சந்தேகப்படணும்? சப்போர்ட்ல கேட்டா பாதுகாப்புக்காகத் தான் சார்னு ஒரே பதில். புகார் டிக்கெட் போட்டு, ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ளயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் வந்து, அதுலயும் இதுக்குத் தீர்வு வரல, மறுபடி டிக்கெட், மறுபடி அதே பதில்.

நியாயமா ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்தத் தடவை சர்வீஸுக்கு வந்த ஆள் பவரை அணைச்சப்ப ரெண்டு டிரைவ்லயும் டிஸ்க் இருந்துச்சு. டிரைவோட சின்ன ஓட்டைல ஊசி விட்டு ட்ரேயை வெளிய எடுத்து, காலியா இருந்த ரெண்டு ஸ்லாட்ல கையால வச்சுட்டார், ஆனா இதோட இடத்துல அது, அதோட இடத்துல இது. பெல்ட் மாத்தி பவர் போட்டதும் வழக்கம் போல முழு ஸ்கேன், அது தான் பொருந்தலைன்னு ரெண்டு ஸ்லாட்டையும் சிவப்புல காட்டுச்சு. அதுல ஒண்ணு இன்னும் க்ளோஸ் பண்ணாத டிஸ்க், மேல எழுத இடம் பாக்கி இருந்துச்சு. சாஃப்ட்வேர் பழைய கணக்கை நம்பிப் போயிருந்தா தப்பான டிஸ்க்கைப் போட்டுட்டு எழுதப் போயிருக்கும், இல்ல எரர் குடுத்துட்டு நின்னிருக்கும், ரெண்டுமே தலைவலி. பவர் போயிருக்கறப்ப சென்சாரும் தூங்கிடும், அதனால அந்த நேரத்துல எல்லாத்தையும் திரும்பப் படிக்கறது தான் சரி, அதை நான் முழுசா ஒத்துக்கறேன். பவர் இருக்கறப்ப, ஒரே ஒரு மேகசின் மாத்தறப்ப, அதே தண்டனை எதுக்குன்னு தான் கேக்கறேன்.

இதைத் தாண்டி வர நாங்க பண்றது, ஒண்ணு ரெண்டு டிஸ்க்னா மேகசினைத் தொடவே மாட்டோம், மெயில் ஸ்லாட் வழியாத் தான். மெஷின் கணக்குல நாலு வகை இடம் தான் இருக்கு, பிக்கர், ஸ்லாட், டிரைவ், உள்ள வெளிய போற வாசல், அதாவது அந்த மெயில் ஸ்லாட். வாசல் வழியா போனா எது எங்கேருந்து கிளம்புச்சுன்னு பதிவாயிடுது, மத்தது எதுவும் கலையாது. ஆனா நிறைஞ்ச மேகசினை முழுசா எடுத்து வேற இடத்துல வைக்கணும்னா ஒவ்வொண்ணா வாசல் வழியா எடுத்துட்டு இருக்க முடியுமா? அதனால அதை மட்டும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் வச்சுக்கறோம், ராத்திரி அது பாட்டுக்கு ஸ்கேன் பண்ணட்டும்னு.

வெளிய போன டிஸ்க்கைப் பத்தியும் சாஃப்ட்வேர் ஆஃப்லைன்னு ஒரு வார்த்தை தான் சொல்லும், எந்த அலமாரி எந்தப் பெட்டின்னு எழுத ஒரு கட்டம் கூட கிடையாது. நாங்க தனியா ஒரு ஷீட் வச்சிருக்கோம், வால்யூம் பேர், க்ளோஸ் பண்ண தேதி, அலமாரி, யார் எடுத்தாங்கன்னு. டிஸ்க்ல எழுதணும்னா நடு ஓட்டையைச் சுத்தி இருக்கற கண்ணாடி மாதிரி பகுதில மட்டும், மெத்துன்னு முனை இருக்கற மார்க்கரால, பால்பாயிண்ட் கூடவே கூடாது. நிறுத்தி வைக்கணும், படுக்க வச்சு அடுக்கக் கூடாது. ஆர்கானிக் டை போட்ட எல்டிஎச் வகை வெளிச்சத்துக்கு ஆகாது, அதை ஆர்கைவுக்கு வாங்கவே வேணாம். ரெண்டாவது காப்பி வேற கட்டிடத்துல இருக்கட்டும். அலமாரில இருக்கற டிஸ்க்கை ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற வைரஸ்) தொட முடியாது, ஹார்ட் டிஸ்க்ல எத்தனை பேக்கப் வச்சாலும் வராத நிம்மதி அது, இதுக்காகவே தான் இந்த சிஸ்டத்தை நான் இன்னும் விடாம வச்சிருக்கேன்.

இப்ப நண்பர் கேட்ட கேள்விக்கு. தட்டு பிரமாதம், பூட்டு பிரமாதம், இத்தனை வருஷத்துல எழுதின ஒரு டிஸ்க் கூட இந்த மெஷினால கெட்டதில்ல. ஆனாலும் வாங்காதீங்கன்னு தான் சொல்லுவேன். பேனசோனிக் எழுதற ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை 2023லயே நிறுத்திட்டாங்க, சோனி 2025 பிப்ரவரில நிறுத்திட்டாங்க. வேற கம்பெனிங்க இன்னும் பண்றாங்க, ஆனா பத்து வருஷம் வச்சு ஓட்டறதுக்கு ஒரு மெஷின் வாங்கறப்ப டிஸ்க்குக்கும் ஸ்பேர் டிரைவுக்கும் எங்க போறதுன்னு முதல்லயே யோசிக்கணும். அதுக்கும் மேல அந்த நாலு மணி நேரம். இப்ப இதை டைப் பண்ணிட்டு இருக்கறப்பவும் ஒரு மேகசின் மாத்தினதுக்காக ஸ்கேன் ஓடிட்டு இருக்கு, 212வது டிஸ்க்ல நிக்குது, கியூல ஏழு ரிக்வெஸ்ட். மாத்தின மேகசினை மட்டும் படிக்கற ஃபர்ம்வேர் வந்துதுன்னா சொல்றேன், அப்ப வேணா திரும்ப யோசிங்க.