லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸ்: பாட்டுக்கு அருமை, மீட்டிங்குக்கு அவஸ்தை

பெங்களூரு அல்சூரில் இருக்கும் நண்பன் புது லேப்டாப்பில் ஃபெடோரா என்ற லினக்ஸைப் போட்டுவிட்டு, "ஈக்வலைசர் (பேஸ், ட்ரெபிள் என்று சத்தத்தைப் பிரித்து ஏற்றி இறக்கும் மென்பொருள்) எதைப் போடலாம் மச்சி?" என்று கேட்டான். நான் வெகுநாளாக வைத்திருப்பது ஈஸி எஃபெக்ட்ஸ்தான். 2021 வரை பல்ஸ் எஃபெக்ட்ஸ் என்ற பெயரில் இருந்தது. இப்போது லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் மேல் ஓடுகிறது. பிரவுசர், பிளேயர் எல்லாவற்றின் சத்தமும் இதன் வழியாகப் போய்த்தான் ஸ்பீக்கருக்கு வரும். நிறுவுவது எளிது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இதை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் மிருதங்கம். என் வயர் ஹெட்ஃபோனில் அதன் வலப்பக்கமான வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்கும். கனத்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பி எங்கோ அடுத்த அறையில் வாசிப்பது போலிருக்கும். ஹெட்ஃபோன் மாடல்களுக்கேற்ற ஈக்வலைசர் அளவுகளைத் தரும் ஆட்டோ ஈக்யூ திட்டத்தில் என் மாடலுக்கான அளவு இருந்தது. அந்தக் கோப்பை அப்படியே இறக்குமதி செய்து, 100 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கினேன். தனி ஆவர்த்தனத்தில் தொப்பியில் வழுக்கி ஏறும் கும்கி என்ற நாதம், தோல் அதிர்வதோடு காதில் விழுந்தது. பழைய கச்சேரிப் பதிவுகளை எல்லாம் மறுபடி கேட்க வைத்துவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: எந்த அதிர்வெண் பட்டையை எத்தனை டெசிபல் ஏற்றுகிறோமோ, ப்ரீஆம்ப்பை (மொத்த ஒலி அளவை) ஏறக்குறைய அந்த அளவுக்கு இறக்க வேண்டும். இல்லையென்றால் உச்சத்தில் சத்தம் பிளக்கும்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். புளூடூத் ஹெட்செட்டில் மீட்டிங் ஆரம்பித்து அதன் மைக் திறந்ததும், இணைப்பு ஹெட்செட் முறைக்கு மாறிவிடும். பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்ற கணக்கு), பழைய கருவி என்றால் 8. அந்த எண்ணில் பாதிக்கு மேலான அதிர்வெண்கள் வரவே வராது. இல்லாததை எந்த ஈக்வலைசர் தூக்கும்? பாட்டுக்குப் போட்ட பேஸ் ஏற்றம் மட்டும் அந்தக் குரல்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, எதிரில் பேசுபவர் குடத்துக்குள் இருந்து பேசுவது போலிருக்கிறது. கருவிக்கேற்ப ப்ரீசெட் (சேமித்து வைத்த அமைப்பு) தானாக மாறும் வசதி உண்டு. ஹெட்செட் முறைக்கென்று எந்த ஏற்றமும் இல்லாத வெறும் ப்ரீசெட் ஒன்றைக் கட்டி வைத்தேன். அது சில நாள் மாறுகிறது, சில நாள் மாறுவதில்லை. லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்செட் பாட்டு முறையிலேயே இருக்கும், உண்மைதான். ஆனால் வெளியே ஓல்ட் மெட்ராஸ் ரோட்டு ஹாரன் முழுக்க மீட்டிங்கில் கேட்கும்.

குறை புளூடூத்துடையது, இந்த மென்பொருளை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஆனால் நாளைக்கு நாலு மீட்டிங்கில் உட்காருபவனுக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? இன்று காலையும் பேச்சு நடுவே எல்லா மாற்றங்களையும் நிறுத்தும் பைபாஸ் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டியிருந்தது. அல்சூர் நண்பனும் நாள் முழுக்க புளூடூத்தில்தான் பேசுகிறான். அதனால், "உனக்கு இது வேண்டாம்டா" என்றே சொல்லிவிட்டேன். வயர் ஹெட்ஃபோன் வாங்கினால் அன்றே வந்து நானே போட்டுத் தருகிறேன்.