விடுமுறையில் பிள்ளைக்குக் காய்ச்சல்: இராமநாதபுரம் கடற்கரையில் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கம் டிசம்பரில் வருபவர்களுக்கு இது. மழைக்காலம், டெங்குவும் ஸ்க்ரப் டைபஸும் (சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) ஓடும் நேரம். கிளம்புமுன் வெளிநாட்டில் பிள்ளைக்கு வந்துபோன சளிக்காய்ச்சல் கோவிட்டாக இருந்திருந்தால், 2 முதல் 6 வாரம் கழித்து உடல் முழுக்க அழற்சியாகத் திரும்பலாம், மிஸ்-சி என்பார்கள். இப்போது அரிதுதான். ஆனால் அந்தப் பழைய காய்ச்சலை ஊர் டாக்டரிடம் நாம்தான் தேதியோடு சொல்ல வேண்டும்.

சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்த அளவு), டெங்கு டெஸ்ட் எல்லாம் ஊர் லேப்பிலேயே ஆகிவிடும். கூடவே டைபாய்டுக்கான வைடால் டெஸ்ட்டும் எழுதுவார்கள். அதை ஒருமுறை மட்டும் பார்த்து டைபாய்டு என்று முடிவுகட்டுவது தவறு. ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள். சிஆர்பி தாளில் அலகைப் பாருங்கள்: லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 3 என்பதும் ஒன்றே. மிஸ்-சிக்கு அதுதான் கீழ் எல்லை.

டெங்கு பாசிட்டிவ் என்றதும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து. டெங்குவும் மிஸ்-சியும் சேர்ந்தே இருக்கலாம். பிளேட்லெட் குறைவு, வயிற்றுவலி, பிரஷர் இறக்கம் எல்லாம் இரண்டிலும் உண்டு. டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதால் டிரிப் ஏற்ற வேண்டும். மிஸ்-சியில் இதயமே தளர்ந்திருக்கலாம், அப்போது அதே அளவு ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல் டிரிப்புக்குப் பிறகு மூச்சு வேகமானால், ஈரல் வீங்கினால், அடுத்ததை ஏற்றுமுன் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தாக வேண்டும். பிள்ளைகளின் கரோனரிக் குழாயை (இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்) அளந்து பழகியவர் எடுப்பது நல்லது. அதற்குப் பெரும்பாலும் மதுரைதான். இராமேஸ்வரத்திலிருந்து சுமார் மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், கைகால் சில்லிடும்வரை காத்திருக்காதீர்கள்.

காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிகரெட் சூடு பட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைபஸ். வலிக்காது, பிள்ளை சொல்லாது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்.

ஐந்து நாளாகக் காய்ச்சல், பீளையில்லாத கண்சிவப்பு, வெடித்த உதடு, கைகால் வீக்கம், தோல் தடிப்பு என்றால் கவாசாகி, பிள்ளைகளுக்கு ரத்தக்குழாய் அழலும் நோய். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஐவிஐஜி (நரம்பில் ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து) ஏறினால் இதயக்குழாய் வீங்கும் வாய்ப்பு நாலில் ஒன்றிலிருந்து நூற்றுக்கு நாலைந்தாகக் குறையும். அளவு, கிலோவுக்கு 2 கிராம். 20 கிலோ பிள்ளைக்கு 40 கிராம், அதாவது 5 கிராம் குப்பி எட்டு. மருந்து இருப்பு உண்டா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

காய்ச்சல் விடாமல் இருக்கும்போதே இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்த அளவு) இறங்கினால் நல்ல சேதி என்று நினைக்காதீர்கள். பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜனும் (ரத்தம் உறைய உதவும் புரதம்) சேர்ந்து விழுந்து, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) ஆயிரங்களில் ஏறினால் அழற்சி கட்டுமீறுகிறது. மேக்ரோபேஜ் ஆக்டிவேஷனை, அதாவது நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டில்லாமல் தூண்டப்படுவதை, உடனே சந்தேகிக்க வேண்டும்.

கிளினிக்கில் போடும் ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டால் காய்ச்சல் அன்றே தணியும், நோய் மறைந்துகொள்ளும். ரத்தப் புற்றுநோயைக்கூட மறைத்துவிடும்.

திரும்பும்போது எக்கோ சிடியும் ஐவிஐஜி குப்பியின் லேபிளும் கைப்பையில் இருக்கட்டும். அடுத்த எக்கோ இரண்டாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும். ஐவிஐஜி ஏறியிருந்தால் எம்எம்ஆர், சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும் என்பதை அங்குள்ள டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.